மாலத்தீவுப் பயணம்: அறைக்கு முன் படகைப் பாருங்கள்

மாலத்தீவுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். படத்தில் பிடித்துப்போன அறையைப் பதிவு செய்கிறார்கள், பிறகு விமானச் சீட்டு வாங்குகிறார்கள். விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கேள்வியை முதலில் வைத்தால் பணமும் மிச்சமாகும், விடுமுறையில் ஒரு நாளும் வீணாகாது.

காரணம் அந்த நாட்டின் அமைப்பு. வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடல்பரப்பில் ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் வாழும் ஊர்த்தீவுகள் 200-க்கும் குறைவு. ரிசார்ட்டுகள் பெரும்பாலும் தனித்தனித் தீவுகளில் இருக்கின்றன. வெலானா பன்னாட்டு விமான நிலையமே தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. அங்கிருந்து மாலே, ஹுல்ஹுமாலே இரண்டுக்கும் சாலையில் போகலாம். மாலேவை இணைக்கும் பாலம் 2018-இல் திறக்கப்பட்டது. மற்ற எந்தத் தீவுக்குப் போவதானாலும் படகு, கடல் விமானம், உள்நாட்டு விமானம் இவற்றில் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி விலை, தனிச் சிக்கல்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு தரையிறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளிலும் இதே கதைதான். அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அப்படியானால் ரிசார்ட்டுக்குப் பணம் கட்டிய ஓர் இரவு போய்விடும். போய்வர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை ஆவது சாதாரணம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. அதற்கு மேல் கிலோ கணக்கில் காசு வாங்குவார்கள். ரிசார்ட் அறை மலிவாகத் தெரிந்தால் உடனே இந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மூன்று இரவுக்கு மட்டும் போகிறவர்களுக்குக் கடல் விமானத் தீவு கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. விமான நிலையத்திலிருந்து வேகப்படகில் போகக்கூடிய ரிசார்ட்டுகள் வடக்கு, தெற்கு மாலே பவளவட்டங்களில் (வளையமாக அமைந்த தீவுக் கூட்டங்களில்) நிறையவே உள்ளன.

ஊர்த்தீவுகளுக்கு வேகப்படகுதான் முதன்மை வழி. மாஃபுஷிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒருவருக்கு ஒரு வழிக்கு 20 முதல் 25 டாலர் ஆகும். துலுஸ்தூவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரஸ்தூ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தெற்கு ஆரி பவளவட்டத்தில் இருக்கும் திகுராவுக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 50 டாலரைத் தாண்டும். தொலைவான தீவுகளுக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று படகுகள்தான், கடைசிப் படகு பெரும்பாலும் பிற்பகல் நான்கு மணியையொட்டிக் கிளம்பிவிடும். அதனால் விமானச் சீட்டு வாங்கும் முன்பே விருந்தினர் விடுதிக்கு எழுதி, நீங்கள் போகும் கிழமைக்கான படகு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கிழமையைக் குறிப்பிட்டுக் கேட்பது முக்கியம். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை வேகப்படகுகள் குறைந்துவிடும், மதியத் தொழுகை நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும். அரசு நிறுவனமான எம்டிசிசியின் மெதுவான பயணிகள் படகு வெள்ளியன்று ஓடுவதே இல்லை.

அந்த அரசுப் படகு மிக மலிவு. ஆனால் மெதுவாகப் போகும், எல்லா நாளும் எல்லாத் தீவுக்கும் போகாது. விமான நிலையத்திலிருந்து மாலே நகருக்குப் போய், உரிய படகுத்துறையைத் தேடிப் பிடித்து ஏற வேண்டும். 2022 முதல் அதே நிறுவனம் ஆர்டிஎல் என்ற பெயரில் விரைவுப் படகுகளையும் ஓட்டுகிறது. நேரம் பொருந்தினால் தனியார் வேகப்படகுக் கட்டணத்தில் சிறு பகுதியிலேயே போய்விடலாம். கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

இரவில் வந்து இறங்குகிறவர்கள் ஹுல்ஹுமாலேயில் தங்கிவிடுவது நல்லது. டாக்சியில் பத்துப் பதினைந்து நிமிடம்தான், கடற்கரையை ஒட்டியே விடுதிகள் இருக்கின்றன. நடுராத்திரியில் தனிப் படகு அமர்த்துவதற்கு ஆகும் செலவில் அங்கே இரண்டு இரவு தங்கிவிடலாம்.

வேகப்படகில் முன்பக்கம் உட்காராதீர்கள். அலையில் படகு எழும்பி விழும்போது அடி முழுவதும் முன்னிருக்கைக்காரர் முதுகில்தான் இறங்கும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பின்வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னும் சொல்லப்போனால் கர்ப்பிணிகள் உள்நாட்டு விமானத்தில் போவதே மேல். குமட்டல் வரும் பழக்கமிருந்தால் மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். கைப்பையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். கடவுச்சீட்டை அதற்குள் இன்னோர் உறையில் வையுங்கள்.

திரும்பும்போது கடைசி இரவை மாலேவுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டு வானிலைத் துறை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். நிறம் ஏற ஏறப் படகுகள் நிற்கத் தொடங்கும். மே முதல் ஜூலை வரை இது அடிக்கடி நடக்கும். இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் தீவிலிருந்து அன்றைக்கே வந்து விமானம் பிடிப்பதாகத் திட்டம் போட்டால், ஒரு நாள் காற்று பலமாக அடித்தாலே சீட்டுக் காசு போய்விடும்.

இனி விலை. இணையத்தில் காட்டும் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதம். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம், அதுவும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல். இவை தவிரப் பசுமை வரி உண்டு. 2025 ஜனவரி முதல், ஊர்த்தீவில் 50 அறைகளுக்கு மிகாத விருந்தினர் விடுதியென்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட் என்றால் 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவன் மனைவி இருவர், ஊர்த்தீவு விடுதியில் ஐந்து இரவு, நாள் வாடகை 60 டாலர். அடிப்படை 300. சேவைக் கட்டணம் 30 சேர்ந்து 330. அதன் மேல் 17 சதவீதம் 56.10 சேர்ந்து 386.10. பசுமை வரி இருவருக்கு ஐந்து நாளுக்கு 60. ஆக மொத்தம் 446.10 டாலர். முன்னூறு என்று நினைத்துப் போனவர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கட்டுகிறார். சாப்பாடும் படகுச் சவாரிகளும் இதே வரிகளோடுதான் வரும். ஆகவே விடுதிக்கு எழுதும்போது, வரி எல்லாம் சேர்த்து, போய்வரும் படகும் சேர்த்து, கையில் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நாடு விட்டுக் கிளம்பும்போது கட்டும் வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் சாதாரண வகுப்புக்கு 50, 50 என்று மொத்தம் 100 டாலர். அது விமானச் சீட்டிலேயே அடங்கிவிடும். சீட்டு விலை தொலைவுக்குப் பொருந்தாமல் அதிகமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். திருவனந்தபுரத்திலிருந்து பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு, கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

எந்தத் தீவு?

மாஃபுஷியை எல்லோரும் சொல்வார்கள். படகு வசதி அதிகம், விடுதிகள் நிறைய, போட்டி இருப்பதால் சவாரிக் கட்டணங்கள் குறைவு, அங்கிருந்து ஒரு பகல் மட்டும் ரிசார்ட்டுக்குப் போய்வரும் ஏற்பாடும் எளிது. முதல்முறை போகிறவருக்கும் குறைந்த நாள் இருப்பவருக்கும் பொருத்தம்தான். ஆனால் கூட்டம் அதிகம், கட்டடங்கள் நெருக்கம், கரையிலிருந்தே நீந்திப்போய்ப் பார்க்கும்படியான நல்ல பவளத்திட்டு அங்கே இல்லை. மீன்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் படகுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும்.

தீவைத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்டால் செயற்கைக்கோள் வரைபடத்தைத்தான் திறக்கச் சொல்வேன். தீவைச் சுற்றி வெளிர்பச்சையாகத் தெரிவது ஆழமில்லாத மணல் பகுதி. அது சட்டென்று கருநீலமாக மாறும் இடம்தான் பவளத்திட்டின் விளிம்பு. மீன்கள் அங்கேதான் மொய்க்கும். வெளிநாட்டவர் குளிப்பதற்கென்று ஒதுக்கிய கடற்கரையிலிருந்து அந்த விளிம்பு வரை வரைபடத்திலேயே அளந்து பாருங்கள். நூறு மீட்டருக்குள் இருந்தால் கரையிலிருந்தே நீந்திப் போய் வரலாம். முந்நூறு மீட்டர் இருந்தால் சிறு குழந்தைகள் விளையாட அருமையான இடம், ஆனால் மீன் பார்க்கப் படகு வேண்டும். ஸ்நார்கெல் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேல்மட்டத்தில் நீந்துவது) போட நினைப்பவருக்கு வடக்கு ஆரியில் உக்குலஸ், அதன் அருகே ரஸ்தூ இரண்டும் நல்லவை. தொட்டூ விவசாயத் தீவு. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் சுற்றலாம். துலுஸ்தூ அலைச்சறுக்குக்காரர்களின் ஊர்.

பெரிய உயிரினங்களைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் மாதத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுவதும் பார்க்க வாய்ப்புள்ள இடம் தெற்கு ஆரியின் தென்விளிம்பு. அங்கே தங்க வேண்டிய தீவுகள் திகுரா, மாமிகிலி, தங்கெதி. மாமிகிலியில் உள்நாட்டு விமான நிலையமும் இருக்கிறது. மாண்டா திருக்கைகள் நூற்றுக்கணக்கில் கூடுவது பா பவளவட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில், மே மாதத்துக்குப் பின் நவம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தச் சிறிய குடாவுக்குள் கொண்டுவந்து குவிக்கிறது, திருக்கைகள் அவற்றைத் தின்ன வருகின்றன. அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாள்களில் வாய்ப்பு கூடும். பா பவளவட்டம் 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவில் ஆக்சிஜன் உருளையோடு மூழ்குவதற்குத் தடை, ஸ்நார்கெல் மட்டும்தான், அதுவும் வழிகாட்டியோடும் நேர வரம்போடும். பக்கத்தில் இருக்கும் ஊர்த்தீவு தரவந்தூ. மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று போகாதீர்கள். ஹனிஃபாருவுக்குக் குறைந்தது மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும், திருக்கைகள் நம் நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

பருவத்தைப் பொதுவாகச் சொன்னால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, மழை குறைவு, கடல் அமைதி, விலை உச்சம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை இன்னும் ஏறும். மே முதல் நவம்பர் வரை மழையும் காற்றும் உண்டு, விலை இறங்கும். மழைக்காலம் என்றால் நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை. ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வந்துவிடுவதும் உண்டு, இரண்டு நாள் மூட்டமாகவே நிற்பதும் உண்டு. இந்தக் காலத்தில் போனால் தீவின் கிழக்குப் பக்கக் கடற்கரை அமைதியாக இருக்கும். காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குக் கரையில் அலையும் குப்பையும் ஒதுங்கும். குளிர்மாதங்களில் இது மாறிவிடும். அறையின் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதையும் பாருங்கள். ரமலான் மாதத்தில் ஊர்த்தீவுகளின் சாப்பாட்டுக் கடைகள் பகலில் மூடியிருக்கும், படகு நேரங்களும் மாறும். 2026, 2027 இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் பிப்ரவரியில் தொடங்குகிறது. சரியாக நல்ல பருவத்தின் நடுவே.

தண்ணீரில்

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவர்கூடப் பவளத்திட்டின் விளிம்பில் நீரோட்டத்தில் மாட்டிக்கொள்வதுண்டு. பவளவட்டத்துக்குள்ளும் வெளியேயும் கடல்நீர் போய்வருவது திட்டுகளுக்கு இடையே இருக்கும் கால்வாய்கள் வழியாகத்தான். கடல்மட்டம் ஏறி இறங்கும் வேளையில் அங்கே இழுப்பு கடுமையாக இருக்கும். இறங்கும் முன் விடுதிக்காரரிடம் நீரோட்டம் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். முதலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துங்கள், களைப்பு வந்ததும் அது உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். எதிர்த்துப் போக முடியாத அளவுக்கு இழுத்தால் அன்றைக்கு வேண்டாம். ஏற்கெனவே இழுப்பில் மாட்டிவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல், குறுக்காகக் கரைப்பக்கம் நீந்தி வெளியே வர வேண்டும். துறைமுக வாயிலில் ஒருபோதும் நீந்தக் கூடாது, வேகப்படகுகள் அங்கேதான் திரும்பும்.

நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு மேலாடை இல்லாமல் மார்பளவுத் தண்ணீரைத் தாண்ட வேண்டாம். படகுச் சவாரிகளில் அதைக் கேட்டு வாங்கி, பட்டைகளை இறுக்கிப் போடுங்கள். தளர்வாக இருந்தால் உடல் மூழ்க, மேலாடை மட்டும் காதுவரை ஏறிவரும். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் தலைமுடி இடையில் சிக்கியிருக்கும், அல்லது மீசை. மீசை உள்ளவர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலைன் தடவினால் ஒழுகுவது குறையும். முதுகும் பின்னந்தொடையும் வெயிலில் வெந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது. முழுக்கைச் சட்டையும் முழங்கால்வரை நீச்சலுடையும் எந்தக் களிம்பைவிடவும் நன்றாகக் காக்கும், பவளத்துக்கும் கேடில்லை. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் செத்தன. மீண்டு வளர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான்.

உருளையோடு மூழ்குகிறவர்களுக்கு அந்நாட்டில் ஆழ வரம்பு 30 மீட்டர். கடைசியாக மூழ்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே 18 மணி நேரமாவது வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் நிம்மதி. அதனால் மூழ்குவதைப் பயணத்தின் முன்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எதை வைக்கலாம் என்பது நம்மவர்களில் பலரும் கவனிக்காத விஷயம். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழியில் தீர்வையில்லாக் கடையில் வாங்கிய புட்டியானாலும் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் தடைப் பட்டியலில் உள்ளன. பயணப்பையில் சின்னப் பிள்ளையார் சிலை வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மின்சிகரெட்டுக்கு 2024 டிசம்பரிலிருந்து முழுத் தடை. 2007 ஜனவரி 1-க்குப் பிறகோ அன்றோ பிறந்தவர்கள் எந்தப் புகையிலைப் பொருளையும் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, அது சுற்றுலாப் பயணிகளையும் கட்டுப்படுத்தும். ஊர்த்தீவில் மது கிடைக்காது. ஒதுக்கப்பட்ட கடற்கரைக்கு வெளியே தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். அங்கே நிறையக் குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் அதே தெருவில்தான் போய்வருகிறார்கள். இந்த மரியாதையை நாம் தயங்காமல் தர வேண்டும்.

மின்செருகி மூன்று செவ்வகக் கால்கள் கொண்டது. நம் உருண்டைக் கால் செருகி அதில் போகாது, மாற்றியை மறக்காதீர்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு முன்னேற்பாடு வேண்டும். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சமையலறைகளில் இருக்கும் மாசி, அதாவது சூரை மீன் கருவாடு, அங்கே பேர்போனது. அவர்கள் சமையலில் அது எங்கும் இருக்கும். காலை உணவான மாஸ் ஹுனி, துருவிய தேங்காயும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்தது. மாலைத் தின்பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்குள் மீன்தான். காய்கறி வடை போலத் தெரிவதையும் கேட்டுவிட்டே எடுங்கள். மீன் இல்லை என்று மட்டும் சொல்லாமல், மாசியும் இல்லாமல் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால் சோறு, பருப்பு, ரொட்டி, காய் என்று செய்து தருவார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் கருதியா என்ற தெளிவான சூரைக்குழம்பை எலுமிச்சை, மிளகாய், வெங்காயத்தோடு சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். குடிக்கப் பாட்டில் தண்ணீர்தான்.

விசா வருகையின்போதே இலவசமாகக் கிடைக்கிறது. திரும்பும் சீட்டும் தங்குமிடப் பதிவும் அச்சிட்டு வைத்திருங்கள், கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லும்படி இருப்பது நல்லது. இமுகா என்ற இணையப் படிவத்தை வருவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கிளம்பும்போதும் அதே போல இன்னொன்று. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் குடிவரவுத் துறையுடையது அல்ல, உடனே மூடிவிடுங்கள். டாலரைச் சிறு நோட்டுகளாக, கசங்காமல் கொண்டுபோங்கள். அதிகாரப்பூர்வ விகிதம் ஒரு டாலருக்கு அந்நாட்டுப் பணத்தில் 15.42 ரூஃபியா. கடைச் செலவுக்குத் தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள், மீந்த ரூஃபியாவை இங்கே மாற்ற முடியாது. சிம் அட்டையை விமான நிலையத்திலேயே, படகு ஏறும் முன் வாங்கிவிடுங்கள். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கும். திரும்பும் படகின் நேரத்தைச் சொல்லும்போது எந்த நேரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பிள்ளைகள் எடுத்துப் பைக்குள் போட்டிருக்கக்கூடும். பவளத்தையும் ஆமை ஓட்டையும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். தீவை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பைகளைத் திறந்து பார்த்து, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.